காருக்கு அடியில் இரண்டு பாதங்கள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் ஒரு சிறிய வேன் வந்து நின்றது. என் மருமகன் தொலைபேசியில் சொல்லி வரவழைத்திருந்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இறங்கினார். காரின் முன்மூடியைத் திறந்தார். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிவிட்டு, அந்தத் துளை வழியாக ஒரு மெல்லிய குழாயை உள்ளே விட்டார். குழாயின் மறுமுனை ஒரு பெட்டியில் இருந்தது. பொத்தானை அழுத்தியதும் கறுப்பு ஆயில் குழாயில் ஏறி வந்தது. அரை மணி நேரத்துக்குள் பழையது போய்ப் புதியது ஊற்றியாகிவிட்டது. அவர் சட்டையில் ஒரு பொட்டுக் கறை இல்லை.

"கீழ படுக்கவே வேணாமா?" என்று கேட்டேன்.

"இப்பல்லாம் யாரு சார் படுக்கறாங்க?" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. சூடான பழைய ஆயிலின் வாசனை மட்டும் மாறாமல் அப்படியே இருந்தது. கருகிய எள்ளும் இரும்பும் கலந்தது போன்ற அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எழுந்து உள்ளே போய்விட்டேன். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உன் இறுதிச் சடங்குக்கு வந்து திரும்பிய அன்றே உனக்கு எழுத நினைத்தேன். எழுத வேண்டியது என்ன என்று தெரிந்திருந்ததாலேயே எழுதாமல் தள்ளிப்போட்டேன். அந்த மனிதரின் பெட்டி இன்று என்னை மேசைக்கு முன்னால் உட்கார வைத்திருக்கிறது.

ஆசிரியர் அறையில் நாம் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் சரித்திரம், நீ கணக்கு. "இன்னா சரித்திரம், அசோகர் இன்னிக்கு எத்தினி மரம் நட்டாரு?" என்று கேட்டுக்கொண்டே நுழைவாய். கருவி எதுவும் இல்லாமல் கரும்பலகையில் ஒரே வீச்சில் வட்டம் வரைவாய். கவராயத்தை வைத்துச் சரிபார்த்த மாணவர்கள் தோற்றுப் போவார்கள். என்னைவிடப் பத்து மாதம் முன்னால் அந்தப் பள்ளியில் சேர்ந்தவன் நீ. அந்தப் பத்து மாதத்தைப் பற்றித்தான் இந்த மடல் முழுவதும் பேசப் போகிறேன்.

கார் என் வீட்டுக்கு வந்த கதை உனக்குத் தெரியும். காந்தி ரோட்டில் பட்டு ஜவுளிக்கடை வைத்திருந்த என் மாமனார் புதுக் கார் வாங்கியபோது, பழைய கறுப்புக் காரை மகளுக்கு என்று எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். நாங்கள் குடியிருந்த வீடும் அவருடையதுதான். அவரே நம் பள்ளி நிர்வாகக் குழுவில் முக்கியமானவரும்கூட. ஆக, நான் படுத்த பாயிலிருந்து வாங்கிய சம்பளம் வரை எல்லாவற்றின் மேலும் அவர் நிழல் விழுந்துகொண்டிருந்தது. இதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை. வகுப்பில் வரைபடம் மாட்டிவிட்டுப் பாடம் தொடங்குவது என் வழக்கம், அவ்வளவுதான்.

அந்தக் காருக்கு முதன்முதலாக ஆயில் மாற்றத் துணிந்தவன் நானே. புத்தகத்தில் படித்துவிட்டு, காலையில் எழுந்ததும், ஆறிக் கிடந்த இன்ஜினின் அடிநட்டைக் கழற்றினேன். பாதி ஆயில் சோம்பலாக வடிந்து நின்றுவிட்டது. நட்டைத் திருப்பி மாட்டத் தெரியாமல் முழங்கை வரை கறுப்பாக உட்கார்ந்திருந்தபோது, ஏதோ விடைத்தாள் கொடுக்க நீ சைக்கிளில் வந்தாய்.

"சரித்திரம், இன்னா இது? பானிபட் யுத்தமா?" என்றாய்.

சட்டையைக் கழற்றி வேப்பமரத்தில் மாட்டினாய். நட்டைப் போட்டு இறுக்கினாய். மிச்சமிருந்த ஆயிலோடேயே இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, முன் சக்கரங்களைக் கருங்கல் பலகைகள்மேல் ஏற்றி, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, சாக்கை விரித்து அடியில் நுழைந்தாய். மறுபடி நட்டைக் கழற்றியதும் ஆயில் கொழகொழவென்று ஓடி வந்தது. "சூடா இருக்கும்போதே எறக்கணும்பா. ஆறிப்போச்சுன்னா அழுக்கு அங்கியே தங்கிடும்" என்றாய் உள்ளேயிருந்து. நட்டுக்கு அடியில் இருந்த செம்பு வாஷரை என் மனைவியிடம் கொடுத்து, அடுப்புத் தணலில் சிவக்கக் காய்ச்சித் தரச் சொன்னாய். சுட்டால் செம்பு இளகும், மறுபடி ஒழுகாமல் உட்காரும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இரண்டு பட்டம் வாங்கியவன் நான்.

அதற்குப் பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை, ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, முசரவாக்கத்திலிருந்து சைக்கிள் மிதித்து வருவாய். நான் கூப்பிட்டுத்தான் வந்தாய். ஆரம்பத்தில் "முடியுமா?" என்று கேட்டேன். பிறகு "எப்ப வர்ற?" என்று கேட்டேன். பிறகு என் மனைவி காலண்டரில் சுழித்து வைத்த தேதியைச் சொல்ல ஆரம்பித்தேன். இந்த மூன்று பேச்சுக்கும் இடையே எத்தனை தூரம் என்று அப்போது நான் அளக்கவில்லை.

எங்கள் தெருவை நினைத்துப் பார்க்கிறேன். வீட்டுக்கு வீடு குழித்தறி. குழிக்குள் மண்ணில் நிற்கும் தறிக்கால்களைக் கரையான் விடாது. கழிவு ஆயிலைத் தடவினால் கரையான் அண்டாது என்று யாரோ ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். அவ்வளவுதான். காரின் முன் சக்கரம் கல்மேல் ஏறும் சத்தம் கேட்டால் போதும், பவுடர் டப்பா, தகர டின், உடைந்த சொம்பு என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். எதிர்வீட்டு ஏகாம்பரம் எப்போதும் முதலில் நிற்பார்.

"மேஸ்திரி, போன தபா எனுக்குக் கால் டப்பாதான் ஊத்துன. தறிக்காலு அரிச்சிக்கினே போவுதுபா. இந்த வாட்டி ரொப்பி ஊத்து."

"ரொப்பி ஊத்தறேன். தறிய வுட்டுட்டு லாரி வாங்கி ஓட்டப்போறியா?" என்பாய் அடியிலிருந்து. எல்லோரும் சிரிப்பார்கள்.

ஒருநாள் ஏகாம்பரம் என்னிடம் தனியாகக் கேட்டார்: "சார், இவுரு எந்த ஷெட்டுல வேல செய்யறாரு? கை சுத்தமா இருக்குது."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "அவர் எங்க பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார். என் சிநேகிதர்" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சிரித்தேன். வெறும் சிரிப்பு. நல்ல வேடிக்கை, திங்கட்கிழமை உன்னிடம் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன். சொன்னேன். நீயும் சிரித்தாய். உன் கை மேசைக்கு அடியில் இருந்தது. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் ஒரு கறுப்புக் கோடு தங்கிவிடும் என்பதால் திங்கட்கிழமைகளில் நீ கையை மேசைக்குமேல் வைப்பதில்லை. அதையும் நான் கவனித்திருந்தேன்.

இன்னொன்றையும் கவனித்திருந்தேன். அதை எழுதப் பேனா தயங்குகிறது. உனக்குக் காப்பி கொடுக்க எங்கள் வீட்டில் ஒரு தனி டம்ளர் இருந்தது. கொல்லைப்புறக் குழாய் மேடையில் கவிழ்த்திருக்கும். "கை முச்சூடும் ஆயிலா இருக்குது, அதான்" என்று என் மனைவி முதல்நாள் சொன்னாள். நியாயம்தான் என்று எனக்குப் பட்டது. பிறகு ஒருநாள் காலாண்டுத் தேர்வுத் தாள் திருத்த நீ வெள்ளைவேட்டி கட்டிக்கொண்டு வந்தாய். கையில் ஆயில் இல்லை. அன்றும் அதே டம்ளர்தான் வந்தது. குடித்துவிட்டு நீயே எழுந்துபோய்க் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாய். நான் விடைத்தாளில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். நீ எந்தத் தெருவில் பிறந்தாய் என்பது என் மனைவிக்குத் தெரிந்திருந்தது. ஆயில் எங்களுக்கு ஒரு நல்ல சாக்காக இருந்தது. காருக்கு அடியில் நீ இருக்கும்வரை எங்கள் வீட்டில் உனக்கு இடம் இருந்தது. எழுந்து நின்றால்தான் எங்கே உட்கார வைப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் மீறி ஒரு நல்ல நாளும் இருந்தது. ஐப்பசி மழையில் தென்னேரி நிரம்பி, உபரிநீர் போகும் கலங்கலில் வழிகிறது என்று கேள்விப்பட்டு, புது ஆயில் ஊற்றிய கையோடு வாலாஜாபாத் வழியாக ஓட்டிக்கொண்டு போனோம். கரையில் நின்றால் எதிர்க்கரை தெரியவில்லை. வழிகிற தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நீ சொன்னாய்.

"சரித்திரம், உனுக்கு ஒண்ணு சொல்றேன். ஸ்கூல்ல யாருக்கும் தெரியாது. டிரெயினிங் சேர்றதுக்கு முன்னாடி மூணு வருஷம் பஸ் ஷெட்டுல க்ளீனரா இருந்தேன். பஸ்ஸு மேல நிக்கும், நான் பள்ளத்துல நிப்பேன். மொகத்துலதான் வடியும். சாயங்காலம் குளிச்சிட்டுப் புஸ்தகத்த எடுத்தா பக்கமெல்லாம் வெரல் அடையாளம். அந்தப் புஸ்தகத்த இன்னும் வெச்சிருக்கேன்."

"இதுல மறைக்க இன்னா இருக்குது? பெருமைதானே?" என்றேன்.

"உனுக்குப் பெருமை. அதனாலதான் உன்கிட்ட சொன்னேன்" என்றாய்.

அந்த நம்பிக்கையை நான் எப்படிக் காப்பாற்றினேன் என்று பார். இரண்டு மாதம் கழித்து என் மாமனார் வந்திருந்தபோது காரின் ஓட்டத்தைப் பார்த்து வியந்தார். "எந்த மெக்கானிக்கிட்ட குடுக்கறீங்க மாப்ளே?" என்றார். எனக்கு உன்மேல் இருந்த பெருமை பொங்கிவிட்டது. "எங்க கணக்கு வாத்தியார் மாமா. சாதாரணமா நெனைக்காதீங்க. பஸ் ஷெட்டுலயே மூணு வருஷம் வேலை பார்த்தவரு" என்றேன். நல்லது சொல்கிறோம் என்றே நினைத்தேன். அவர் "அப்படியா?" என்றார். வியாபாரி அல்லவா, எடுத்து வைத்துக்கொண்டார்.

எழுபதுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம். நம் தலைமை ஆசிரியர் ஓய்வு பெறப் போகிறார். அடுத்தவர் யார் என்று நிர்வாகக் குழு புதன்கிழமை கூடி முடிவு செய்யும். விண்ணப்பித்தவர்கள் இரண்டே பேர், நீயும் நானும். பத்து மாதம் மூத்தவன் நீ. உன் வகுப்பில் கணக்கில் தவறியவர்கள் யாரும் இல்லை. நாற்காலி உனக்குத்தான் என்று பள்ளியில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் விண்ணப்பித்தது மாமனார் சொன்னதால். "பேருக்குப் போட்டு வெக்கிறேன், நீ தப்பா எடுத்துக்காதே" என்று உன்னிடம் சொன்னேன். "போடுபா. ஒத்த ஆளா ஓடி ஜெயிச்சா எனுக்கு மட்டும் சந்தோஷமா?" என்றாய். உன் அப்பா ஒரு காலத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த தெரு வழியாகத் தலைமை ஆசிரியராக, எச்செம்மாக, சைக்கிளில் ஒருநாள் போக வேண்டும் என்று நீ சொல்லியிருக்கிறாய். அது மட்டும்தான் நீ கேட்ட பதவி.

அந்தப் புதனுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஆயில் மாற்றும் நாள். வேண்டாம், இந்த வாரம் வராதே என்று நான் சொல்லியிருக்கலாம். காலண்டரில் தேதி சுழித்திருந்தது.

காலை பத்து மணி இருக்கும். நீ அடியில் நுழைந்து நட்டைக் கழற்றியிருந்தாய். அலுமினியத் தட்டில் ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தது. பம்பருக்கு வெளியே உன் இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. வலது காலின் கட்டைவிரல் ஏதோ பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அப்போது மாமனாரின் புதுக் கார் வந்து நின்றது. அவர் வராந்தாவில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்கும் உன் பாதங்களுக்கும் இடையே ஐந்தாறு அடி.

"இன்னாப்பா, நல்லா வடியுதா?" என்று பாதங்களைப் பார்த்துக் கேட்டார்.

"வடியுதுங்க" என்றது உன் குரல்.

நான் முன்பே சொல்லியிருந்ததால், அங்கே இருப்பது யார் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் பேசினார்.

"மாப்ளே, புதங்கெழம கமிட்டி. உங்க பேரத்தான் வெக்கப் போறேன். எல்லார்கிட்டயும் பேசியாச்சு."

"மாமா, சீனியாரிட்டின்னு ஒண்ணு..." என்று ஆரம்பித்தேன்.

"இன்னா சீனியாரிட்டி? பஸ் ஷெட்டுல பள்ளத்துல நின்னு வண்டி தொடச்ச ஆளு. நீங்கதான மாப்ளே சொன்னீங்க?"

கட்டைவிரல் நின்றது.

"சொன்னீங்களா, இல்லியா?"

"ஆமாம் மாமா."

"ஆளு நல்ல ஆளுதான், நான் இல்லேங்கல. காரக் குடுத்தா கொழந்த மாதிரி பாத்துக்குறான். ஆனா எச்செம் நாற்காலின்றது வேற. ஞாயித்துக்கெழம காருக்கு அடில கெடக்குறவன் திங்கக்கெழம கொடி ஏத்துனா ஊரு சிரிக்காதா? இந்தத் தெரு பூரா டப்பாவத் தூக்கிக்கினு இவங்கிட்ட வந்து நின்னவங்க. அவுங்க புள்ளைங்க நாளைக்கு இவன எச்செம்முன்னு எந்திரிச்சி நிக்குமா? எந்தத் தெருவுலேர்ந்து வரான்னு வேற ஊருக்கே தெரியும். நான் சொல்றது தப்பா, நீங்களே சொல்லுங்க."

என்னைப் பார்த்துக் கேட்டார். நேரான கேள்வி. பதிலும் எனக்குத் தெரியும். வகுப்பில் விடை தெரிந்தும் கை தூக்காத மாணவனை நான் பலமுறை கண்டித்திருக்கிறேன். தெரியாதவனை மன்னிக்கலாம், தெரிந்து உட்கார்ந்திருப்பவனை மன்னிக்க மாட்டேன் என்பேன். அன்று என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மாமா."

தட்டில் விழுந்துகொண்டிருந்த ஆயில் தாரை மெலிந்து, சொட்டாகி, ஒவ்வொரு சொட்டும் தனித்தனியாகக் கேட்டது. பாதங்கள் அசையவில்லை. மாமனார் காப்பி குடித்துவிட்டு, மகளிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போனார்.

நீ வெளியே வந்தாய். நான் எதிர்பார்த்ததெல்லாம் வேறு. ஸ்பேனரை வீசிவிட்டுப் போவாய், அல்லது "ஏன்பா?" என்றாவது கேட்பாய் என்று. நீ என் மனைவியைப் பார்த்து, "வாஷர் காஞ்சிடுச்சாம்மா?" என்று கேட்டாய். எப்போதும் பேசுகிற குரல். மறுபடி அடியில் போய் நட்டை இறுக்கினாய். புனலை வைத்து ஒரு சொட்டும் சிந்தாமல் புது ஆயிலை ஊற்றினாய். இன்ஜினை ஓடவிட்டு, அணைத்து, சற்று நேரம் நின்று, கம்பியை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்து என்னிடம் நீட்டினாய்.

"ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்குது. பாத்துக்கோங்க" என்றாய்.

பாத்துக்கோங்க. அதுவரை நீ என்னிடம் பேசாத விதம்.

டப்பாவோடு நின்றவர்களுக்கெல்லாம் வழக்கம்போல ஊற்றினாய். ஏகாம்பரத்துக்கு ரொப்பி ஊற்றினாய். தட்டைத் துடைத்து வைத்தாய். என் மனைவி காப்பி கொண்டுவந்தாள். "வேணாம்மா, வயிறு சரியில்ல" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாய். தெருமுனை வரை ஏறாமல் தள்ளிக்கொண்டே போனாய்.

"அவுரு காதுல விழுந்திருக்கும், இல்லீங்க?" என்று என் மனைவி மெல்லக் கேட்டாள்.

"ஆயில் ஊத்துற சத்தத்துல ஒண்ணும் கேட்டிருக்காது" என்றேன்.

"ஆயிலு அப்படியா சத்தம் போடும்?" என்றாள். மறுநாள் பார்த்தேன், அந்த டம்ளர் சமையலறை அலமாரியில் மற்ற டம்ளர்களோடு இருந்தது. அதில் காப்பி குடிக்க நீ அதற்குப் பிறகு வரவேயில்லை.

இனி எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்கும் தெரியாது.

அன்று மாலை, வெளிச்சம் இருக்கும்போதே, அவள் எதிர்வீட்டுப் பெண்ணோடு வராந்தாவில் பேசிக்கொண்டிருந்த நேரம், நான் சாக்கை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போனேன். மறுநாள் விடுப்பு எடுத்து மாமனார் குடும்பத்தைத் திருத்தணிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. நீ நட்டைச் சரியாக இறுக்கினாயா என்று பார்க்கப் போனேன். ஆமாம், அதற்குத்தான். நான் உனக்குச் செய்ததற்கு நீ எனக்கு என்ன செய்திருப்பாய் என்று நான் போட்ட கணக்கு அது. பாதி வழியில் நட்டு கழன்று, ஆயிலெல்லாம் ரோட்டில் போய், இன்ஜின் இறுகி நின்றால்?

ஸ்பேனரை வைத்துத் திருகிப் பார்த்தேன். நட்டு இம்மியும் அசையவில்லை. சுற்றிலும் துணியால் துடைத்திருந்தாய். இன்ஜினின் அடிவயிறு முழுவதும் பழைய பிசுக்கு இல்லாமல் துடைத்திருந்தாய். மாமனார் பேசிக்கொண்டிருந்தபோது உன் கைகள் என்ன செய்துகொண்டிருந்தன என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அப்படியே மல்லாந்து கிடந்தேன். வராந்தாவில் என் மனைவியும் அந்தப் பெண்ணும் ஏதோ ரகசியமாகத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். காருக்கு அடியில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. வளையல் உரசுவதுகூடக் கேட்டது. ஆயில் சத்தத்தில் கேட்டிருக்காது என்று காலையில் நான் சொன்ன பொய், சொன்ன இடத்திலேயே செத்தது.

நட்டு தளர்ந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும் தெரியுமா? நீயும் தவறு செய்தாய், நானும் செய்தேன், சரிக்குச் சரி என்று எழுந்து வந்திருப்பேன். அந்த நிம்மதியை நீ எனக்குத் தரவில்லை.

புதன்கிழமை குழு கூடியது. நான் தலைமை ஆசிரியரானேன். வியாழக்கிழமை காலை நான் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தபோது முதலில் எழுந்து நின்றவன் நீ. "வணக்கம் சார்" என்றாய். நையாண்டியாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மரியாதையாகச் சொன்னாய். அதற்குப் பிறகு நீ ஓய்வு பெறும்வரை, ஒரே கட்டடத்தில், ஒருநாள்கூட என்னைச் சரித்திரம் என்று கூப்பிடவில்லை. தனியாக இருக்கும்போது, "பழைய மாதிரி பேசேன்" என்று ஒருமுறை கெஞ்சினேன். "ஸ்கூல்ல அது நல்லா இருக்காது சார்" என்றாய். ஸ்கூலுக்கு வெளியே நாம் சந்திக்கவில்லை. எந்த ஞாயிறும் நீ வரவில்லை. காரை ஷெட்டுக்கு அனுப்ப ஆரம்பித்தேன். டப்பாவோடு வந்து ஏமாந்த ஏகாம்பரம், "இன்னா சார், உங்க மெக்கானிக் வர்றதில்லியா?" என்று கேட்டார்.

"ஊருக்குப் போயிட்டாரு" என்றேன். அப்போதுகூட நீ யார் என்று நான் சொல்லவில்லை பார்.

உன் பிரிவு உபசார விழாவில் அரை மணி நேரம் பேசினேன். உன் வட்டங்களைப் பற்றி, உன் மாணவர்களைப் பற்றி உதாரணம் உதாரணமாகச் சொன்னேன். கைதட்டினார்கள். நீ எழுந்து இரண்டே வாக்கியம் பேசினாய்: "பிள்ளைங்க நல்லாப் படிச்சாங்க. எல்லாருக்கும் நன்றி." எல்லாருக்கும் என்பதில் நானும் இருந்தேனா என்று அன்று முழுவதும் யோசித்தேன்.

கடைசியாக முசரவாக்கத்தில் உன் வீட்டுக்கு வந்தேன். உன் மகன் நாற்காலி போட்டான். உங்கள் வீட்டு டம்ளரில் எல்லோரும் குடிப்பது போல எனக்கும் டீ வந்தது. நீ மெலிந்து, போர்வைக்குள் பாதியாக இருந்தாய். வழியெல்லாம் பேசிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன்.

"கணக்கு, அன்னிக்கு ஞாயித்துக்கெழம..." என்றேன்.

"எந்த ஞாயித்துக்கெழம சார்?" என்றாய். "நெறைய ஞாயித்துக்கெழம வந்தனே."

உனக்குத் தெரியும். உன் கண் என்னை விட்டு நகரவில்லை. எந்த ஞாயிறு என்று என் வாயால் நான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாய். இரண்டாவது முறையாக ஒரு நேரான கேள்வி. இந்த முறை எதிரில் மாமனார் இல்லை, அவர் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. வீட்டுக்கும் சம்பளத்துக்கும் யாருக்கும் நான் பயப்பட வேண்டியதில்லை.

"ஒண்ணுமில்ல. சும்மா ஞாபகம் வந்துது" என்றேன்.

நீ கண்ணை மூடிக்கொண்டாய். "சரி சார்" என்றாய். அதுதான் நீ என்னிடம் பேசிய கடைசிச் சொல்.

நம் பள்ளியில் தலைமை ஆசிரியர் அறைக்குள் ஒரு மரப்பலகை மாட்டியிருக்கிறது. பொறுப்பில் இருந்தவர்களின் பெயர்கள் வரிசையாகத் தங்க நிற எழுத்தில். போன மாதம் ஏதோ விழாவுக்கு என்னை அழைத்திருந்தார்கள். இப்போதைய தலைமை ஆசிரியை அந்தப் பலகையைக் காட்டி, "இதோ சார், உங்க பேரு" என்றார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நேராக, பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள். அந்த வரியில் வேறு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும் என்பது எழுதிய பெயிண்டருக்குத் தெரியாது. அந்த அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்த மாமனாரும் அந்தக் கால ஆசிரியர்களும் போய்விட்டார்கள், என் மனைவியும் போய்விட்டாள். ஏழு மாதம் முன்புவரை நீ ஒருவன் மிச்சம் இருந்தாய். இப்போது உலகத்தில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்த அம்மா கேட்டுக்கொண்டபடி, பலகைக்குக் கீழே நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டுதான் வந்தேன்.